இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ஏன் இப்படிப் பேசுகிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. இரவில் பாத்ரூமுக்குப் போனபோது வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் மேல்பகுதி உடைந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். ஆனால் மறுநாள் இரவிலிருந்து அம்மா ஆளே மாறிவிட்டார். சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்கிறார். என்னை, இறந்துபோன பெரியம்மா என்று நினைத்துப் பேசுகிறார். டிரிப்ஸைப் பிடுங்கியதால் கைகளைக் கட்டி ஊசி போட்டார்கள். அதிலிருந்து பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. ஆபரேஷன் முடிந்து இன்று ஆறாம் நாள். தானாக எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. விழுந்த அன்று மாலைவரை சமைத்து, கோயிலுக்கும் போய்வந்தவர் அவர். மயக்க மருந்தால் மூளை பாதித்துவிட்டதா? மறதி நோயின் ஆரம்பமா? இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். மறுபடி நடப்பாரா?
— ஒரு மகள், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பநிலை. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் சேரும் முதியவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருகிறது. சாதாரணமாக வருகிறது என்பதற்காக, ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்பதை மூளை இப்படித்தான் காட்டும். காரணத்தைத் தேடிச் சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். முதல்நாள் வரை கணக்குப் பார்த்துச் சமைத்தவருக்கு ஒரே இரவில் வந்துவிடாது. டெலிரியம் சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் உங்களைச் சரியாக அடையாளம் கண்டு காபி கேட்பவர், விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் சுவரோடு பேசத் தொடங்குவார். இதன் முக்கிய அடையாளம் கவனம் நிற்காமல் போவது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் வாரத்தின் நாட்களை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் சொல்லிவிட்டுத் தடம் மாறினாலோ, கேள்வியையே மறந்து வேறெங்கோ பார்த்தாலோ, கேட்கும்போதே கண் மூடினாலோ டெலிரியம் என்று சந்தேகிக்க அது போதும். காலையிலும் மாலையிலும் கேட்டு நேரத்தோடு குறித்து வையுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் பார்ப்பது காலை ஐந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் அம்மா தெளிவாக இருக்கக்கூடும். உங்கள் குறிப்புதான் அவருக்கு முழுப் படத்தையும் காட்டும்.

இன்னொன்று. பிதற்றுகிறவர், பிடுங்குகிறவர் என்றால் எல்லோர் கண்ணிலும் படும். சுருண்டு படுத்து, கூப்பிட்டால் மட்டும் ‘ம்’ என்று சொல்லி, சாப்பாட்டை வாயில் வைத்தபடியே தூங்குகிறவருக்கு வந்திருப்பதும் டெலிரியம்தான். ‘இன்னிக்கு அமைதியா இருக்காங்க’ என்று வார்டே நிம்மதியடையும். ஆனால் இந்த அமைதியான வகைதான் கவனிக்கப்படாமல் போய், நெஞ்சுச்சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் வழிவிடுகிறது. உங்கள் அம்மா பகலெல்லாம் தூங்குவதை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

மயக்க மருந்தைப் பற்றிப் பயப்படவேண்டாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது, முழு மயக்கம் கொடுப்பது இரண்டையும் ஒப்பிட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. இரண்டு பிரிவிலும் டெலிரியம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வந்தது, வித்தியாசம் இல்லை. முறிந்த எலும்போடு காத்திருந்த நாட்களின் வலி, தூக்கமின்மை, தண்ணீர் குறைவு, தொற்று, மருந்துகள், அறிமுகமில்லாத இடம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறித்தான் குழப்பம் வருகிறது. அதனால் ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தக் கூடாது.

டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு. 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விழுவதற்கு முன்பே குறைந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் மேலும் இறங்கலாம். குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வீட்டாராக உப்புக் கரைசல் கொடுத்துவிடாதீர்கள். ஏன் குறைந்தது என்பதைப் பொறுத்துச் சிலருக்குத் தண்ணீரையே குறைக்க வேண்டியிருக்கும். வேகமாக ஏற்றுவதும் மூளைக்கு ஆபத்து. சோடியத்தோடு சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஆக்சிஜன் அளவு, நெஞ்சுச்சளி, ஆபரேஷன் தையல் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து வயிறும் சிறுநீர்ப்பையும். யூரின் டியூப் இன்னும் இருக்கிறதா? தனிக் காரணம் இல்லாவிட்டால் ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் அதை எடுத்துவிட வேண்டும். தொற்றுக்கு அது வாசல். அசைய விடாமல் கட்டிப்போடவும் செய்கிறது. எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகச் சிறுநீர் போகிறாரா என்று பாருங்கள். போகாமல் அடிவயிறு உப்பினால், அந்த வேதனை ஒன்றே ஆளைப் பித்துப்பிடித்தவர்போல் ஆக்கிவிடும். மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை வார்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தண்ணீராகச் சிறிது சிறிதாகப் போவதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று ஏமாந்துவிடக் கூடாது. கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றி அப்படிக் கசிவதுண்டு.

வலியை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். வலி மருந்து குழப்பத்தைக் கூட்டும் என்று பயந்து கொடுக்காமல் விட்டால், வலியே குழப்பத்தைக் கூட்டும். குழம்பியிருக்கும் மனிதர் ‘வலிக்குது’ என்று சொல்ல மாட்டார். புருவம் சுருங்குவதையும், திருப்பிப் படுக்கவைக்கும்போது முனகுவதையும், அந்தக் காலைத் தொட்டதும் கையைத் தட்டிவிடுவதையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பாராசிட்டமால் கேட்கும்போது மட்டும் இல்லாமல், மணிப்படி கொடுக்கப்பட வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிடுவார்கள், கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறையும். டிராமடால் என்னும் வலி மருந்து பல முதியவர்களைக் குழப்புகிறது. டைக்ளோஃபெனாக் ஊசி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது. எந்த வேளை எது போகிறது என்று சார்ட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

தூக்க ஊசிக்கு வருவோம். டயசிபாம், லோராசிபாம் போன்றவை ஓரிரு மணி நேரம் அடக்கிவிட்டு டெலிரியத்தை நீட்டித்துவிடும். அலர்ஜிக்கும் வாந்திக்கும் வழக்கமாகப் போடும் ஏவில், பெனர்கான் ஊசிகளும் வயதானவர்களின் மூளையைக் கலக்கும். பயத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்வார் என்ற நிலையில், வேறு வழியே இல்லாதபோது, ஹாலோபெரிடால் என்னும் மனநல மருந்தைக் கால் அல்லது அரை மி.கி. அளவில் சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பதுண்டு. பார்க்கின்சன் நோய் இருந்தால் அதுவும் கூடாது. தூக்க மருந்து கூடாது என்பதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அம்மா பல வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிராசோலம் மாதிரி ஏதாவது சாப்பிட்டு வந்து, அட்மிட் ஆனதும் நின்றுபோயிருந்தால், நின்றதே குழப்பத்துக்குக் காரணமாகலாம். ஆண்களில் தினமும் மது குடித்தவர்களுக்கும் இதே கதைதான். இவர்களுக்கு மருத்துவம் வேறு. வீட்டு அலமாரியில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் கடையில் சும்மா வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

விழும்போது தலை இடித்ததா என்பதும் தெரிய வேண்டும். இடித்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து போகிறது என்றாலோ, ஒரு பக்கக் கை கால் பலவீனம் தெரிந்தாலோ தலைக்கு சி.டி. ஸ்கேன் கேளுங்கள். மண்டைக்குள் மெதுவாகச் சேரும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும்.

கைகளைக் கட்டுவது பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: அது குழப்பத்தைக் கூட்டும், பயத்தைப் பெருக்கும், தோலைக் கிழிக்கும். மாற்று வழிகள் இருக்கின்றன. டிரிப்ஸ் இனித் தேவையா என்று கேட்டு, வாயால் குடிக்க முடிகிறவரானால் எடுத்துவிடச் சொல்லுங்கள். தேவை என்றால் ஊசி குத்திய இடத்தைப் பேண்டேஜ் சுற்றி, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடலாம். கண்ணில் படாததைக் கை தேடாது. கட்டிலைத் தாழ்த்தி வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் செய்யக்கூடியது ஏராளம். அமெரிக்காவின் பாஸ்டனில் இடுப்பெலும்பு முறிந்த 126 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. முதியோர் மருத்துவர் தினமும் வந்து ஆக்சிஜன், தண்ணீர், வலி, மலம், மருந்து, தூக்கம், நடமாட்டம் ஆகியவற்றை ஒழுங்குசெய்த பிரிவில் டெலிரியம் 32 சதவீதம் பேருக்குத்தான் வந்தது; வழக்கமான கவனிப்புப் பிரிவில் 50 சதவீதம் பேருக்கு வந்தது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. நம் ஊரில் நோயாளியோடு இரவும் பகலும் வீட்டார் ஒருவர் இருப்பதால், இவற்றில் பாதியை நீங்களே செய்துவிடலாம்.

அம்மாவின் கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றும் வீட்டில் இருக்கின்றனவா, ஆஸ்பத்திரியிலா? ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கழற்றிக் கொடுத்தது பைக்குள்ளேயே கிடக்கும். இன்றே போட்டுவிடுங்கள். சரியாகத் தெரியாத கண்ணுக்குத்தான் திரைச்சீலை ஆளாகத் தெரியும். தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்றைக் கண்ணுக்கு நேராக மாட்டி, காலையில் அவர் கையாலேயே கிழிக்கச் செய்யுங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும். மதியத் தூக்கம் அரைமணியோடு முடியட்டும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கைத் தணித்து, மாத்திரை நேரத்தையும் பி.பி. பார்க்கும் நேரத்தையும் தூக்கம் கலையாதபடி மாற்ற முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களை ஒருவர் ஒருவராக அனுப்புங்கள். ஏழு பேர் கட்டிலைச் சூழ்ந்து ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்பது அவரை இன்னும் கலங்கடிக்கும். சுவரோரம் ஆள் நிற்கிறார் என்றால், இல்லை என்று வாதாட வேண்டாம். ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். ‘பயமா இருக்காம்மா? நான் உங்க மக, பக்கத்துலயேதான் இருக்கேன்’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி நடப்பது பற்றி. உங்கள் கடிதத்தில் குழப்பத்தைவிட எனக்கு அதிகக் கவலை தந்த வரி, ஆறாம் நாளும் உட்கார முடியவில்லை என்பதுதான். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. முறிவும் ஆபரேஷனும் சேர்ந்தால் இன்னும் வேகம். எலும்பு ஒட்டிய பிறகு நடக்க வைக்கலாம் என்று காத்திருந்தால், எலும்பு ஒட்டும். அதைத் தூக்கி நடக்கத் தசை இருக்காது. ராடு வைப்பதே சீக்கிரம் எழுப்புவதற்காகத்தான். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி உட்கார வைப்பதுதான் இன்றைய முறை. சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அந்தக் காலில் முழு எடை போடலாமா?’ பெரும்பாலும் ‘தாங்குமளவு போடலாம்’ என்பார். அதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பயந்து படுக்கவைத்தே பயிற்சி கொடுப்பார்.

எழுப்பும் முறை இது. அரைமணி முன்பே வலி மாத்திரை போயிருக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி, கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு பாதமும் தரையில் பதியுமாறு கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கிறுகிறுப்பு இருந்தால் பி.பி. பாருங்கள், உட்காரும்போது மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் பி.பி. மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் விழுந்ததற்கே அது காரணமாக இருந்திருக்கலாம். கிறுகிறுப்பு இல்லையென்றால் விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலைச் சற்று முன்னே வைத்து, கைகளால் கட்டிலை ஊன்றி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும். கை கொடுப்பவர் அக்குளில் கோத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடக்கும் வரிசை: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். முதல் நாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போனாலே வெற்றிதான். மூன்று வேளைச் சாப்பாட்டையும் நாற்காலியில் வைத்துக் கொடுங்கள்; ஒவ்வொரு முறையும் அரைமணியாவது உட்காரட்டும். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும். ஒன்றரை அடி உயரம் வேண்டும்.

பாசத்தில் நாம் செய்யும் தவறு ஒன்று இங்கே உண்டு. ஊட்டிவிடுகிறோம், முகம் துடைத்துவிடுகிறோம், கூப்பிட்டால் பெட்பேன் வைக்கிறோம். பத்து நாளில் அம்மாவின் கை சாப்பிடுவதை மறக்கிறது, சிறுநீர் வந்தால் எழவேண்டும் என்ற பழக்கம் போகிறது. தட்டை முன்னால் வைத்து அவரே சாப்பிடட்டும். அரைமணி ஆனாலும் பொறுத்திருங்கள். டயப்பருக்குப் பதிலாக, கட்டில் பக்கத்தில் கமோடு சேர் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டில் புரதம் முக்கியம். இந்த நிலையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 45 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 54 முதல் 68 கிராம் தேவை. கஞ்சி, ரொட்டி, இளநீர் மூன்றையும் நாள் முழுக்கக் கொடுத்தாலும் அந்த அளவு தேறாது. முட்டை இரண்டு, பால் அரை லிட்டர், மீன் சாப்பிடுபவரானால் 100 கிராம், கெட்டியான பருப்பு ஒரு கப் என்று சேர்த்தால் ஏறக்குறைய வந்துவிடும். சைவமானால் பனீரும் சுண்டலும் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நன்றாக விழித்திருக்கும்போது, நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும். படுத்தபடி, தூக்கக் கலக்கத்தில் ஊற்றும் ஒரு டம்ளர் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகிவிடும்.

படுத்திருக்கும் நேரத்தில் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது புண்ணின் தொடக்கம்.

அம்மா இன்னும் குழம்பியிருக்கும்போதே வீட்டுக்கு அழைத்துப்போகலாமா? காரணங்கள் தேடப்பட்டு, சோடியமும் சிறுநீரும் சரியாகி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஓர் ஆள் துணையோடு மாற முடிகிறது என்றால் தாராளமாகப் போகலாம். பழகிய வீடே பலருக்குத் தெளிவைத் தருகிறது. இவை நடக்காமல் வெறுமனே படுக்கை காலியாக வேண்டும் என்பதற்காக அனுப்பினால், இன்னும் இரண்டு நாள் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை எத்தனை நாள் தொடர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக ஒரு மாதத்தை ஒட்டி வரும். பிசியோதெரபிக்குத் தனியாகச் செலவு செய்ய முடியாவிட்டால், 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், தையலில் கசிவு, கால் திடீரென்று குட்டையாகி வெளிப்பக்கம் திரும்புவது, தெளிந்தவர் மறுபடி மந்தமாவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பிக் கூட்டிவாருங்கள்.

எதிர்பார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் முன்பு நடந்த அளவுக்குத் திரும்புகிறார்கள். விழுவதற்கு முன் எல்லா வேலையும் தானே செய்தவர் என்பது உங்கள் அம்மாவுக்குப் பெரிய பலம். நடை பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் தேறும். குழப்பம் சிலருக்கு ஒரு வாரத்தில் தீரும், சிலருக்கு ஓரிரு மாதம் மெல்ல மெல்ல விலகும். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. முன்பே இலேசாகத் தொடங்கியிருந்த மறதி இப்படி வெளிப்படுவதும் உண்டு. அதனால் ஞாபகசக்திப் பரிசோதனையை இப்போது செய்யாமல், மூன்று மாதம் கழித்து, தெளிந்த பிறகு செய்யுங்கள். விழுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் பணம், சமையல் கணக்கு, வழி ஆகியவற்றில் தடுமாறினாரா என்று வீட்டில் எல்லோரும் யோசித்து எழுதி வைத்தால் அன்றைக்கு உதவும்.

கடைசியாக இரண்டு காரியம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ்தான். தனியாக ஸ்கேன் செய்து நிரூபிக்கத் தேவையில்லை. ஆனாலும் பலர் அதற்கு மருந்தே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் போடும் சோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. ஊசியை, முறிவுக்கான ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் தொடங்கியவர்களுக்கு மறு முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்த பிறகே போடுவார்கள். முதல் ஊசிக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வரக்கூடும் என்பதால், குழப்பம் தெளிந்த பிறகு, தையல் பிரித்துப் பார்க்க வரும் நாளில் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முறிவும் ராடும் மட்டும் எழுதியிருப்பார்கள். ‘ஆபரேஷனுக்குப் பிறகு டெலிரியம்’ என்ற வரியையும், எந்த மருந்து அம்மாவைக் குழப்பியது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நாளை கண்புரை ஆபரேஷன் என்றாலும் காய்ச்சலுக்கு அட்மிஷன் என்றாலும் அந்தத் தாளைத்தான் முதலில் காட்ட வேண்டும்.